பக்கத்து சீட்டு பிரேக்

அண்ணியை நாம் போன வாரம் விட்டுவிட்டு வந்த இடம் அவளுக்கு அவ்வளவு கௌரவமான இடம் இல்லை. தற்கொலைத் தடுப்புத் தொலைபேசி மையத்தின் பயிற்சி அறையில், தன் மகள் வயசுள்ள பயிற்சியாளர் முன்னால், பரீட்சையில் கோட்டை விட்ட பிள்ளை மாதிரி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“உங்க மனசு தங்கம்க்கா. ஆனா எதிர்ல இருக்கறவங்க ஒரு பேச்சைக்கூட முடிக்க விட மாட்டேங்கறீங்க,” என்று அந்தப் பெண் பக்குவமாகத்தான் சொன்னாள்.

அதில் அண்ணியின் தப்பு பாதி, தொழிலின் தப்பு பாதி. டிரைவிங் ஸ்கூல் கார்களில் சொல்லிக்கொடுப்பவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். ஓட்டுகிறவர் தடுமாறினால் பக்கத்து சீட்டிலிருந்தே வண்டியை நிறுத்திவிடலாம். அண்ணி வருஷக்கணக்காக அந்த சீட்டில் உட்காருபவள். தடுமாற்றம் வருவதற்கு முன்பே அவள் கால் பிரேக்கில் போய் நின்றுவிடும். அவளிடம் கற்றுக்கொண்டவர்கள் எல்லாம் அவளை ‘பிரேக் அக்கா’ என்றுதான் சொல்வார்கள், அவள் காதில் விழாத தூரத்தில்.

பயிற்சியில் அழைப்பவராக நடித்தவர், “எனக்கு வாழவே பிடிக்கலீங்க,” என்று ஆரம்பித்தார். அவ்வளவுதான். “ஐயையோ, அப்படியெல்லாம் சொல்லக் கூடாதுங்க! சூடா ஒரு டீ குடிச்சிட்டுப் படுங்க, காலைல எல்லாம் சரியாயிடும்,” என்று அண்ணி பாய்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. பேச என்ன இருக்கிறது?

இன்னொரு வாய்ப்பு தருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். வீட்டில் இதைப் பற்றி அண்ணி மூச்சு விடவில்லை. கணவர் காதுக்குப் போனால் தெருவுக்கே போன மாதிரி. அவர் மெக்கானிக். வீட்டுக்குப் பின்னால் ஷெட்டில் எந்த வண்டிக்கு அடியில் படுத்திருந்தாலும் அவர் குரல் வாசல் வரை கேட்கும்.

அவர் அதிகமாகப் பெருமையடித்துக்கொள்வது மனைவியைப் பற்றி இல்லை, தங்கையைப் பற்றி. மாடி அறையில் இருக்கும் நர்ஸம்மாவைப் பற்றி. கல்யாணம் வேண்டாம் என்று அவள் சொல்லி, வீடே இரண்டாகி, கடைசியில் அவள் நினைத்ததே நடந்த கதையை இந்தத் தொடரின் ஆரம்ப வாரங்களில் படித்தவர்களுக்கு அவளை நன்றாகவே தெரியும். தெருவில் யாருக்கு ஜுரம் வந்தாலும் முதலில் அவர்கள் நிமிர்ந்து பார்ப்பது அந்த மாடி ஜன்னலைத்தான்.

“என் தங்கச்சி கண்ணு கலங்கி நான் பாத்ததே இல்லய்யா,” என்பார் மெக்கானிக், ஸ்பேனரை ஆட்டி ஆட்டி. “ரத்தத்தப் பாத்து நானே மயங்கி விழுந்துடுவேன். அவ ஒரு வார்டையே தாங்கறா!”

இதை எத்தனை தடவை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாரோ, அவருக்கே தெரியாது.

*

அன்றைக்குக் காலையில் நர்ஸம்மாவுக்கு டிரைவிங் வகுப்பு. டியூட்டிக்குப் போகும் வழியையே வகுப்பாக மாற்றிவிடுவது இந்த வீட்டுச் சிக்கனம்.

போன தடவை டெஸ்டில் அவள் தோற்றதற்குக் காரணம் சிரிப்பை வரவழைக்கும். நாற்சந்தியில் வருகிற எல்லா வண்டிக்கும் வழி விட்டாள். கடைசியாக ஒரு தள்ளுவண்டிக்கும் வழி விட்டாள். இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

ஆனால் அன்றைக்கு அவள் ஓட்டியது வேறு மாதிரி இருந்தது. பயமே இல்லை. லாரி உரசுகிற மாதிரி போனபோதுகூட ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடிக்கவில்லை. அண்ணிக்கு முதலில் சந்தோஷம்.

“பரவாயில்லையே! நேத்து வரைக்கும் சைக்கிளப் பாத்தாலே நடுங்குவ. இந்தத் தடவ பாஸ்தான். இன்னைக்கே டெஸ்டுக்குத் தேதி கேட்டுடறேன்.”

“தேதியெல்லாம் கேக்காதீங்க அண்ணி,” என்றாள் நர்ஸம்மா, ரோட்டைப் பார்த்தபடியே. “அது வரைக்கும் நான் இருப்பேனான்னு தெரியல.”

கார் குலுங்கி நின்றது. நிறுத்தியது நர்ஸம்மா இல்லை. பின்னால் வந்த வண்டிகள் ஹாரனால் திட்டித் தீர்த்தன.

“வாயக் கழுவு! காலங்காத்தால என்ன பேச்சு இது?”

நர்ஸம்மா திரும்பிப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்த முகம். அடுத்த நொடியே அது சிரித்துவிட்டது.

“டிரான்ஸ்பர் வரும்போல இருக்குண்ணி. அதச் சொன்னேன். நீங்க ஏன் இப்படிப் பதறுறீங்க?”

“அப்படிச் சொல்லேன். நான் பயந்தே போயிட்டேன்.”

ஆஸ்பத்திரி வாசலில் அவள் இறங்கிக்கொண்டாள். வழக்கமாக ஓடுபவள், அன்றைக்கு நிதானமாக நடந்து போனாள். அண்ணி ஸ்டீயரிங் பக்கம் மாறி உட்கார்ந்து வண்டியைத் திருப்பினாள். திரும்பும்போதே நெஞ்சில் ஏதோ முள் மாதிரி நெருடியது. என்னவென்று பிடிபடவில்லை.

*

வீட்டுக்கு வந்தபோது மகள் காலேஜுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். தலையை ஒரு கையால் வாரிக்கொண்டே இன்னொரு கையை நீட்டிக் காட்டினாள்.

“அம்மா, இங்க பாரு. அத்தை குடுத்தாங்க.”

கைக்கடிகாரம். நொடி முள் பெரிதாக, சிவப்பாக இருக்கும் கடிகாரம். அதைப் பார்த்துத்தான் நர்ஸம்மா நாடித்துடிப்பை எண்ணுவாள். முதல் வேலை கிடைத்தபோது அவள் தானே தேடி வாங்கியது. குளிக்கும்போது கழற்றி வைப்பாள், அப்போதும் யாரும் தொடக் கூடாது.

“எப்ப குடுத்தா?”

“நேத்து. ‘எனக்கு இனிமே தேவைப்படாதுடி, நீயே வச்சுக்க’ன்னாங்க. சூப்பரா இருக்குல்ல?”

அண்ணி அந்தக் கையைப் பிடித்துக் கடிகாரத்தையே பார்த்தாள். டிரான்ஸ்பரில் போகிற நர்ஸுக்கு, போகிற ஊரில் நாடி பார்க்க வேண்டாமா? காலையில் குலுங்கி நின்ற கார் திரும்பவும் மனசில் குலுங்கியது. நர்ஸம்மா சொல்ல வந்தாள். சொல்லத் திரும்பினாள். அண்ணிதான் ஓங்கி ஒரு மிதி மிதித்து நிறுத்திவிட்டாள்.

பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததெல்லாம் இப்போது வரிசையாக ஞாபகம் வந்தது. உயிராக வைத்திருந்த பொருளை எடுத்துக் கொடுத்துவிடுவது. தவித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று அமைதியாகிவிடுவது. நான் இருக்க மாட்டேன் என்று ஜாடையாகச் சொல்வது. பாடமாகக் கேட்டபோது தலையை ஆட்டியவள், சொந்த வீட்டில் நடந்தபோது வாயைக் கழுவச் சொல்லிவிட்டாள்.

மகள் கிளம்பிப் போனதும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு போனை எடுத்தாள். அழைத்தது அதே மையத்துக்குத்தான். எடுத்தது நடுவயசு ஆண் குரல், அவளுக்குப் பழக்கமில்லாத குரல்.

“சொல்லுங்க. கேக்கறேன்.”

“எனக்கில்லீங்க. எங்க வீட்டுல ஒருத்தருக்காக. அப்படிக் கூப்பிடலாமா?”

“தாராளமா. அதுக்கும்தான் இந்த நம்பர். பேரு சொல்லணும்னு இல்ல. நிதானமாச் சொல்லுங்க.”

அண்ணி சொன்னாள். தாறுமாறாகச் சொன்னாள். நடுவில் கடிகாரத்துக்குப் போய், பின்னால் தள்ளுவண்டிக்குப் போய், அழுது, மூக்கை உறிஞ்சி, மறுபடி ஆரம்பித்தாள். அந்தப் பக்கத்திலிருந்து குறுக்கே ஒரு வார்த்தை வரவில்லை. அவர் இருக்கிறார் என்பது மட்டும் தெரிந்தது. ஓ, இப்படித்தான் கேட்க வேண்டுமா என்று அந்த அழுகையிலும் அவளுக்குத் தோன்றியது.

“நான் இப்ப என்ன பண்ணணும்?”

“நேராக் கேளுங்க. தற்கொலை பண்ணிக்கணும்னு தோணுதான்னு, அந்த வார்த்தையிலேயே.”

“கேட்டா, இல்லாத எண்ணத்த நானே உண்டாக்கிட்ட மாதிரி ஆயிடாதா?”

“ஆகாதுங்க. யாராவது கேக்க மாட்டாங்களான்னு காத்துட்டு இருக்கறவங்கதான் அதிகம். ஆமான்னு சொன்னாங்கன்னா தனியா விடாதீங்க. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்துடாதீங்க. ஆபத்தான எதுவும் அவங்க கைக்கெட்டற இடத்துல இல்லாமப் பாத்துக்கங்க. இன்னைக்கே மனநல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. நெலைமை கைமீறுதுன்னு தோணினா அவசர சிகிச்சைப் பிரிவுக்கே நேராப் போயிடுங்க. நடுவுல எப்ப வேணாலும் எங்களைக் கூப்பிடுங்க, அவங்களையும் கூப்பிடச் சொல்லுங்க.”

“அவ டியூட்டி முடிஞ்சு வரட்டுமா?”

“உங்களுக்கு என்ன தோணுது?”

அண்ணி கார் சாவியைத் தேடினாள்.

*

வாசலில் அடுத்த வகுப்புக்காக ஒரு வக்கீல் காத்துக்கொண்டிருந்தார். “இன்னைக்குக் கிளாஸ் இல்ல சார்,” என்று சொல்லிவிட்டு அவர் வாதாட ஆரம்பிப்பதற்குள் அண்ணி போய்விட்டாள். போகிற வழியில் கணவருக்குப் போன் செய்து, “ஷெட்டை விட்டு எங்கயும் போகாதீங்க, போனைப் பக்கத்துலயே வச்சுக்கங்க,” என்று மட்டும் சொன்னாள்.

வார்டு தலைமை நர்ஸிடம் “வீட்டுல அவசரம்” என்றதுமே அவர் நர்ஸம்மாவை அனுப்பிவிட்டார். அவள் பேயறைந்த மாதிரி ஓடி வந்தாள்.

“அண்ணனுக்கு என்ன ஆச்சு?”

“யாருக்கும் ஒண்ணும் ஆகல. நீ வா.”

கவனியுங்கள், அந்த நிலைமையிலும் அவளுக்கு முதலில் நினைவுக்கு வந்தது அண்ணன்தான்.

டிரைவிங் ஸ்கூல்காரர்கள் ரிவர்ஸ் எடுத்துப் பழகும் மைதானம் அந்த நேரத்தில் காலியாகக் கிடந்தது. கோடு போட்டு நட்ட கம்பங்களுக்கு நடுவில் அண்ணி காரை நிறுத்தினாள். சாவியைப் பிடுங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். பிறகு இரண்டு பேரும் இடம் மாறினார்கள். நர்ஸம்மா ஸ்டீயரிங் பக்கம், அண்ணி தன் வழக்கமான சீட்டில். அங்கே உட்கார்ந்தால்தான் தனக்குப் பேச்சு வரும் என்று அவளுக்குத் தெரியும். முகத்துக்கு முகம் பார்க்காமல் ஒரே பக்கம் பார்த்து உட்காருகிற இடம் அது. எத்தனையோ பேர் அந்த இடத்தில் மனசில் இருப்பதைக் கொட்டியிருக்கிறார்கள். அவர்களுக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் விழித்ததால்தான் அவள் அந்தப் பயிற்சிக்கே போனாள்.

“காலைல நீ ஏதோ சொல்ல வந்த. நான் சொல்ல விடல. தப்பு என்னுதுதான். இப்பக் கேக்கறேன்.” அண்ணி எதிரே இருந்த கம்பத்தைப் பார்த்தபடியே, போனில் அவர் சொன்ன அந்த வார்த்தையையே எடுத்தாள். “தற்கொலை பண்ணிக்கணும்னு நெனக்கிறியா?”

நர்ஸம்மா அசையவில்லை. மைதானத்தில் ஒரு பிளாஸ்டிக் பை கம்பத்தைச் சுற்றிக்கொண்டு படபடத்தது. அந்த அமைதியை நிரப்ப அண்ணிக்கு ஆயிரம் வார்த்தை வந்தது. நீ நல்லா இருக்கணும். உனக்கு என்ன குறை. அண்ணன் உன் மேல உயிரையே வச்சிருக்காரு. ஒவ்வொன்றும் தொண்டை வரை வந்து நின்றது. அப்போதுதான் தன் வலது கால் நின்றுகொண்டிருக்கிற வண்டியின் பிரேக்கை உயிரைக் கொடுத்து அழுத்திக்கொண்டிருப்பதை அவள் கவனித்தாள்.

செருப்பைக் கழற்றினாள். இரண்டு காலையும் தூக்கி சீட்டின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

நர்ஸம்மா ஓரக்கண்ணால் பார்த்தாள். “என்ன அண்ணி பண்றீங்க?”

“நீ பேசுடி. எவ்வளவு நேரமானாலும் பேசு. நான் நிறுத்த மாட்டேன்.”

அது போதுமாயிருந்தது.  அண்ணன் பார்த்ததே இல்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த அந்தக் கண்கள் நிறைந்து வழிந்தன.

“ஆமா அண்ணி. தோணுது. ரொம்ப நாளாத் தோணுது.”

அண்ணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஒரு காரணம்னு சொல்லத் தெரியல. தூக்கம் போச்சு. சாப்பாடு மண்ணு மாதிரி இருக்கு. வார்டுல யாராவது நல்லாயிட்டுப் போனா முன்னெல்லாம் அப்படி சந்தோஷமா இருக்கும். இப்ப ஒண்ணுமே இல்ல. எல்லாருக்கும் ஒண்ணுன்னா என்னைக் கூப்பிடறாங்க. நான் யாரைக் கூப்பிடறது? அண்ணன் வேற, இவ கலங்கவே மாட்டா, கலங்கவே மாட்டான்னு... கலங்கினா அண்ணன் பேரு கெட்டுடுமோன்னுகூட பயமா இருக்கு. நான் இல்லாட்டி உங்களுக்கெல்லாம் நிம்மதின்னு தோணிடுச்சு.”

இந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டபோது அண்ணிக்கு அவளை அறைய வேண்டும் போலவும் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் ஒத்திப்போட்டாள். அவள் பேசிப் பேசி, அழுது அழுது, கைக்குட்டை நனைந்து, அண்ணியின் முந்தானையும் நனைந்த பிறகுதான் அடுத்ததைக் கேட்டாள்.

“எப்படின்னு யோசிச்சு வச்சிருக்கியா?”

ஒரு தலையசைப்பு.

“மேல ரூம்லயா?”

இன்னொரு தலையசைப்பு. பிறகு தானாகவே கழுத்துச் சங்கிலியில் கோத்திருந்த அறைச் சாவியைக் கழற்றி அண்ணியின் உள்ளங்கையில் வைத்தாள்.

“அண்ணன்கிட்ட மட்டும் சொல்லாதீங்க. என் மேல சத்தியம் பண்ணுங்க.”

“அது மட்டும் என்னால முடியாதும்மா. இந்த விஷயத்துல சத்தியம் பண்ணிட்டு நான் எப்படித் தூங்குவேன்? நீ என்மேல கோவப்படு, பரவாயில்ல. நீ இருந்து கோவப்பட்டாப் போதும்.”

நர்ஸம்மா அழுகையோடு சிரித்தாள். அன்றைக்கு அவள் உண்மையாகச் சிரித்த முதல் சிரிப்பு அது.

“டாக்டர்கிட்ட போவோம். இப்பவே. உங்க ஆஸ்பத்திரி வேண்டாம்னா வேற எடம் போலாம், யாருக்கும் தெரியாது,” என்றாள் அண்ணி.

நர்ஸம்மா அவள் பக்கம் திரும்பினாள். “எங்க மனநலப் பிரிவு டாக்டரம்மா ரொம்ப நல்லவங்க அண்ணி. எத்தன பேரை நானே அங்க அனுப்பி வச்சிருக்கேன். ‘இதுல வெக்கப்பட ஒண்ணுமில்லம்மா, சர்க்கரைக்கு மருந்து சாப்பிடல? அது மாதிரிதான்’னு அவங்களுக்கெல்லாம் சொல்லியிருக்கேன்.” மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “அங்கயே போலாம். மத்தவங்களுக்குச் சொன்னது எனக்கும்தானே?”

 என்ன பெண் இவள்! விழுந்து கிடக்கும்போதும் நியாயம் பேசுகிறாளே!

*

இனிமேல் மிச்சமிருந்தது மெக்கானிக். அண்ணி மறுபடி இடம் மாறி, ஸ்டீயரிங்கைப் பிடித்து நேராக ஷெட்டுக்கு ஓட்டினாள். நர்ஸம்மா பக்கத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

அவர் ஒரு வேனுக்கு அடியிலிருந்து சறுக்கிக்கொண்டு வெளியே வந்தார். தங்கையின் வீங்கிய கண்ணைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்த ஒரே வழியில் ஆரம்பித்தார்.

“எவன் என்ன சொன்னான்? பேரச் சொல்லு. எவனா இருந்தாலும்...”

“யாரும் ஒண்ணும் சொல்லல,” என்றாள் அண்ணி. விஷயத்தை நாலே வார்த்தையில் சொன்னாள். பூசி மெழுகவில்லை.

அடிக்க ஆள் இல்லாத சண்டையை அவர் அதுவரை பார்த்ததில்லை. கையில் இருந்த ஸ்பேனரை எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு தடவை சுற்றிப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நர்ஸம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

“பாப்பா,” என்றார். கல்யாண வயசைத் தாண்டிய தங்கையை அவர் அப்படிக் கூப்பிட்டுப் பல காலம் ஆயிற்று. “எனக்கு என்ன பேசணும்னு தெரியலடா.”

“ஒண்ணும் பேச வேண்டாம்ணா.”

“நான் பேசிப் பேசித்தான்...” அவர் குரல் உடைந்தது. “உன்னைக் கேக்காமலே போயிட்டேன்.”

கழுவாத கையோடு பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். தங்கையையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். அண்ணி கொடுத்த மாடிச் சாவியை சட்டைப்பையில் போட்டுப் பித்தானை மாட்டினார். ஆஸ்பத்திரி வரும் வரை அந்த மனிதரிடமிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. தங்கையின் யூனிபார்ம் தோளில் மட்டும் அவருடைய ஐந்து விரலும் கருப்பாகப் பதிந்திருந்தன. அவள் அதைத் துடைக்கவில்லை.

*

மனநலப் பிரிவுக்கு வெளியே நீள பெஞ்சுகள். ஒரு அப்பாவும் பிள்ளையும், ஒரு வயசான தம்பதி, ஆபீஸ் அடையாள அட்டையைக் கழற்ற மறந்து வந்த ஒரு இளைஞன். மெக்கானிக் எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தார். நம்மைப் போன்றவர்கள்தான் இருக்கிறார்கள் என்பதில் அவருக்கு ஆச்சரியம்.

யூனிபார்மில் இருப்பவள் வரிசையில் உட்கார்ந்தால் கண்ணில் படாமல் இருக்குமா? மருந்து டிரேயோடு போய்க்கொண்டிருந்த ஒரு சின்ன நர்ஸ், வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாளே ஆன பெண், சட்டென்று நின்றாள்.

“என்னக்கா இங்க உக்காந்திருக்கீங்க? யாருக்கு?”

நர்ஸம்மாவின் முகம் வெளுத்தது. அண்ணி ஏதோ சொல்லி மழுப்ப வாயைத் திறந்தாள். அதற்குள் மெக்கானிக் எழுந்து நின்றுவிட்டார்.

“எனக்கும்மா,” என்றார், பெஞ்சில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற அவருடைய பழைய குரலில். “எனக்குத்தான். கொஞ்ச நாளா தூக்கமே இல்ல. மனசு சரியில்ல. தங்கச்சிதான் கூட்டிட்டு வந்தா.”

தலைவலி என்று ஒரு நாள் படுக்காத மனிதர். தனக்கு ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்றே காலத்தை ஓட்டியவர். தங்கைக்காக அந்த வீம்பை ஊரறியக் கழற்றிக் கீழே வைத்துவிட்டார். அவரைக் கட்டிக்கொண்ட இத்தனை வருஷத்தில் அண்ணி அவரை நினைத்து இவ்வளவு பெருமைப்பட்டதில்லை.

நர்ஸம்மா அண்ணனின் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். பிறகு அவள் எழுந்தாள்.

“இல்ல. அண்ணன் எனக்காகச் சொல்றாரு. டாக்டரப் பாக்க வந்திருக்கறது நான்தான். எனக்குத்தான் மனசு சரியில்ல.”

 எல்லா வார்த்தையும் தெளிவாக வந்தது. ஆபீஸ் அட்டைக்கார இளைஞன் நிமிர்ந்து பார்த்தான். அந்த வயசான அம்மாள் தன் கணவரின் கையைத் தட்டிக்கொடுத்தாள். மெக்கானிக் தன் பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பினார். பேசாமல் இருக்க முடியுமா அவரால்?

“என் தங்கச்சிங்க,” என்றார். கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டிக்கொண்டிருந்தது. “நர்ஸு.”

உள்ளேயிருந்து அவள் முறை வந்ததாகக் கூப்பிட்டார்கள். நர்ஸம்மா கதவு வரை போனாள். போனவள் நின்று திரும்பினாள்.

சின்ன நர்ஸ் இன்னும் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். கையில் டிரே மெல்லக் கிலுகிலுவென்று ஆடிக்கொண்டிருந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் நர்ஸம்மாவுக்குப் புரிந்துவிட்டது. இத்தனை வருஷம் முகம் பார்த்தே நோய் சொன்னவள் அல்லவா? உள்ளே வைத்த காலை வெளியே எடுத்தாள்.

“ஏய், உனக்கு என்னம்மா? இரு, நான் வரேன்...”

“நீ போ,” என்றாள் அண்ணி.

“இல்ல அண்ணி, இவ முகத்தப் பாருங்க...”

“பாத்துட்டேன். இவளை நான் கவனிச்சுக்கறேன். இன்னைக்கு உன் முறை. நீ உள்ள போ.”

நர்ஸம்மா ஒரு கணம் அண்ணியைப் பார்த்தாள், அந்தப் பெண்ணைப் பார்த்தாள். வாழ்நாளில் முதல் தடவையாக, கண் முன்னால் கலங்கி நின்ற ஒருத்தியை இன்னொருவர் பொறுப்பில் விட்டுவிட்டு உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

அண்ணி பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள். சின்ன நர்ஸ் டிரேயை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தலை நிமிராமலே வாயைத் திறந்தாள்.

“எனக்கு மட்டும்தான் இப்படின்னு நெனச்சிட்டு இருந்தேங்க்கா.”